அஞ்சு பன்னிரண்டாகி மறுபடி அஞ்சானபோது

கோடிங் ஸ்டாண்டர்டு (கோடை எப்படி எழுத வேண்டும் என்ற விதிகள்) என்று ஷேர்டு டிரைவில் கிடக்கிற ஆவணத்தை வரிக்கு வரி ரூலாக எழுதி மெஷினிடம் ஒப்படைத்துவிட்டால் போதும், அப்புறம் யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை என்று எங்கள் ஆபீசில் ஒரு கட்சி உண்டு. ரூல் எல்லாம் சும்மா தொல்லை, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்க்கும் ரிவ்யூவை ஒழுங்காகப் பண்ணினாலே போதும் என்று இன்னொரு கட்சி. டீ குடிக்க இரண்டு கட்சியும் சேர்ந்தே போவதால் சண்டை முற்றியதில்லை. ஆனால் சொந்த ரூல்களை எழுதுகிற வேலை என்னிடம் இருப்பதால் எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. எதை ரூலாக எழுதலாம், எதைத் தொடவே கூடாது? ஓரளவுக்கு ஒரு பதில் கிடைத்தது 2025 செப்டம்பரில், செருப்புக்கு வரி மாறியபோதுதான்.

நாங்கள் செய்வது பில்லிங் மென்பொருள். வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடியில் உட்கார்ந்துகொண்டு ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் எழுதித் தருகிறோம். மொழி டைப்ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டின் விரிவாக்கம்), காவலுக்கு ஈஎஸ்லின்ட், அதாவது கோடை ஓட்டாமலே படித்து ரூல் மீறிய இடங்களைச் சுட்டுகிற கருவி. பெரிய டீம் கிடையாது. ஆள் குறைவு, அதனால் ஒருவர் லீவு போட்டால் அவர் தலைக்குள் இருக்கும் சங்கதியும் லீவில் போய்விடும். சொந்த ரூல் எழுத ஆரம்பித்ததற்கு உண்மையான காரணம் அதுதான். தரம், ஒழுக்கம் என்பதெல்லாம் மேனேஜருக்குக் காட்டிய பிபிடியில் சேர்த்தது.

செமிகோலனை விட்டுவிடலாம்

எங்கள் ஸ்டாண்டர்டு ஆவணத்தில் முக்கால்வாசி இடைவெளி, மேற்கோள் குறி, செமிகோலன் பற்றியது. அதை எழுதியவருக்கு அதில் அப்படி என்ன ஆசையோ தெரியாது. இதற்கு ரூலே தேவையில்லை. ஃபைலை சேவ் பண்ணும்போது பிரிட்டியர் என்கிற கருவி தானாகச் சரிசெய்துவிடும். கருவியே திருத்திவிடக்கூடிய ஒன்றுக்கு மனிதனை எதற்குக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும்? அடுத்த பங்கு எல்லா ஊருக்கும் பொதுவான தப்புகள்: பயன்படுத்தாத வேரியபிள், அவெய்ட் போட மறந்த ப்ராமிஸ், இரண்டு சமக்குறிக்கும் மூன்று சமக்குறிக்கும் உள்ள வித்தியாசம். பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் 1978ல் இந்தக் கருவிகளுக்கெல்லாம் மூதாதையான லின்ட்டை எழுதிய காலத்திலிருந்து இந்த மாதிரித் தப்புகளைப் பலர் யோசித்து வைத்திருக்கிறார்கள். ஈஎஸ்லின்ட் 2013ல் வந்தது. இன்றைக்கு அதோடு வரும் ரூல்களும் ப்ளகின்களும் சேர்ந்து போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கின்றன. அதையெல்லாம் உட்கார்ந்து நாமே எழுதுவது வெட்டி வேலை.

இவை போக மிஞ்சுவது கொஞ்சம்தான். நம் வியாபாரத்தைப் பற்றி நமக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள். உதாரணத்துக்கு, எங்கள் கோடில் ரூபாய்த் தொகை எதற்கும், எண்ணை இத்தனை தசமத்துக்கு என்று சுருக்கித் தருகிற டூஃபிக்ஸ்டு என்கிற ஃபங்ஷனைக் கூப்பிடக் கூடாது. ஜாவாஸ்கிரிப்டில் 1.005 என்ற எண்ணை அதில் போட்டு இரண்டு தசமம் கேட்டால் 1.01 வராது, 1.00தான் வரும், 1.005ஐ பைனரியில் துல்லியமாக வைக்க முடியாது, உள்ளே இருப்பது அதைவிட ஒரு துளி குறைவான எண். அதனால் எங்களிடம் எல்லாத் தொகையும் பைசாவில், முழு எண்ணாக. வேறு ஒரு வேலைக்கு, வரைபடத்தில் புள்ளி வைக்கவோ எடை காட்டவோ, டூஃபிக்ஸ்டு தாராளமாக ஆகும். அதனால் உலகத்துக்குப் பொதுவாக இதை யாரும் ரூலாகப் போட முடியாது. நாங்கள் போடலாம்.

எழுதுவதும் பலர் பயப்படுகிற அளவுக்குப் பெரிய வித்தை இல்லை. கோடை ஈஎஸ்லின்ட் ஒரு மரமாகப் பிரித்துக்கொள்கிறது: இது ஒரு ஃபங்ஷன் அழைப்பு, இது அதன் பெயர், இது அடைப்புக்குள் இருக்கும் எண். ரூல் எழுதுகிறவர் செய்வதெல்லாம் “இந்த மாதிரிக் கிளை கண்ணில் பட்டால் என்னைக் கூப்பிடு” என்று சொல்லிவைப்பதும், கூப்பிட்டபோது பார்த்துவிட்டு, தப்பென்றால் ஒரு செய்தியைக் கொடுப்பதும்தான். கூடவே ரூல் டெஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. அதில் எந்தக் கோடு பாஸாக வேண்டும், எது மாட்ட வேண்டும் என்று இரண்டு பட்டியல் கொடுக்கலாம். நான் முதலில் பாஸாக வேண்டிய பட்டியலைத்தான் எழுதுவேன். ரூலின் தலையெழுத்து அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

ஏனென்றால் பொய்ப் புகார்தான் ரூலைக் கொல்லுகிறது. இதே மாதிரி கோடில் தப்பு தேடுகிற கவரிட்டி கருவியைச் செய்தவர்கள் 2010ல் எழுதிய ஒரு கட்டுரையில் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள்: புகார்களில் 30 சதவீதத்துக்கு மேல் பொய்யாக இருந்தால் ஆட்கள் கருவியையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள், நிஜமான புகாரும் அந்தக் கும்பலில் காணாமல் போகிறது. ராத்திரி முழுக்கக் குரைக்கிற தெருநாய்க்காக யார் எழுந்து கதவைத் திறந்து பார்க்கிறார்கள்? எங்கள் அளவில் 30 சதவீதம் கூடத் தாங்காது. ஒரு ரூல் இரண்டு முறை அநியாயமாகத் திட்டினால் மூன்றாம் முறை எல்லோர் கையும் டிசேபிள் கமென்ட்டை, அதாவது இந்த இடத்தில் ரூலை விட்டுவிடு என்கிற குறிப்பை, டைப் பண்ணிவிடும்.

மாவட்டம் பிரிந்தபோது

2019 ஆகஸ்ட் 15 அன்று வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது, நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் பக்கம் போயின, ஆற்காடும் வாலாஜாவும் அரக்கோணமும் ராணிப்பேட்டைக்கு. எங்கள் தாத்தாவுக்கு வந்த கார்டுகளில் “வ.ஆ. மாவட்டம்” என்றுதான் இருக்கும். 1989ல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது, அப்புறம் பேர் மாறியது, அப்புறம் மறுபடி பிரிந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு மாவட்டம் மாறுவது பழகிப்போன விஷயம். கோடுக்குத்தான் பழகவில்லை. வாடிக்கையாளர் வேலூர் மாவட்டம் என்றால் டெலிவரி கட்டணம் இவ்வளவு, ரூட் வண்டி இன்ன நாள் என்று பேரை வைத்து ஒப்பிட்டு எழுதிய இடங்கள் சிதறிக் கிடந்தன. தேடித் தேடித் திருத்தியபிறகு இனி இப்படி யாரும் எழுதக் கூடாது என்று ஒரு ரூல் போட்டோம்: மாவட்டப் பேர் எதையும் கோடுக்குள் நேராக எழுதி ஒப்பிட்டால் புகார். திருப்பத்தூரை ஆங்கிலத்தில் எழுத எத்தனை விதம் இருக்கிறதோ அத்தனையும் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது. சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருப்பது, பேரை வைத்து ஒப்பிடாதே என்பதற்கு இலவசமாகக் கிடைத்த சாட்சி.

அந்த ரூல் பிரமாதமாக வேலை செய்தது. பொய்ப் புகார் கிட்டத்தட்ட இல்லை. மாவட்டப் பேரை வேறு எதற்காக ஒருவர் ஒப்பிடப் போகிறார்? இதைப் பார்த்து முதல் கட்சிக்கு உற்சாகம் தாங்கவில்லை. 2022 ஜனவரி 1ல், 1000 ரூபாய்க்குள் விற்கும் செருப்புக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 12 ஆனது. கோடுக்குள் அங்கங்கே 5 என்று எழுதியிருந்த இடங்களைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. சரி, மாவட்டத்துக்குப் போட்ட மருந்தையே இதற்கும் போடு என்று முடிவானது.

எண்களைத் திட்டுகிற ரெடிமேட் ரூல் ஒன்று ஈஎஸ்லின்ட்டிலேயே இருக்கிறது. அதை ஆன் பண்ணினால் பெட்டிக்கு 12 ஜோடி, ரூபாய்க்கு 100 பைசா, பக்கத்துக்கு 25 வரி என்று எல்லாவற்றையும் பிடித்துத் திட்டும். அதனால் சொந்தமாக ஒன்று: பெருக்கலில் ஒரு பக்கம் 5, 12, 18, 28 அல்லது அவற்றின் தசம உருவம் இருந்து, பக்கத்தில் டாக்ஸ், ஜிஎஸ்டி, ரேட் என்கிற மாதிரிப் பேர் இருந்தால் மட்டும் புகார். பொய்ப் புகார் அடங்கியது. எண்கள் எல்லாம் ஒரு டேபிளுக்குள் போய்ச் சேர்ந்தன. ஹெச்எஸ்என் எண்ணையும் (சரக்கின் வகைக்கான குறியீடு) ஜோடி விலையையும் கொடுத்தால் வரி விகிதம் வரும். ஸ்கிரீனில் பச்சை டிக்.

ஆம்பூரிலிருந்து வந்த கேள்வி

2025 செப்டம்பர் 3ல் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி விகிதங்களை மாற்றியது. 22ஆம் தேதி முதல் அமல். ஜோடி 2500 ரூபாய் வரை உள்ள செருப்புக்கு 5 சதவீதம். எங்கள் மீட்டிங் சீக்கிரமே முடிந்தது. எண்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன, டேபிளில் வரியை மாற்றினால் வேலை முடிந்தது, ரூல் போட்டு வைத்ததன் பலனைப் பார்த்தீர்களா என்று முதல் கட்சி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஆம்பூர்க்காரி. தினம் பஸ்ஸில் வந்து போகிறவள். அவள் அப்பா அங்கே ஒரு செருப்பு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவர். மீட்டிங்கில் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என் சீட்டுப் பக்கம் வந்து நின்று கேட்டாள்: “அண்ணா, ஆகஸ்ட்ல போன சரக்கு தீபாவளி முடிஞ்சதும் கொஞ்சம் திரும்பி வரும் இல்ல, அதுக்கு கிரெடிட் நோட்டு போட்டா இது அஞ்சு போடுமா, பன்னெண்டு போடுமா?”

கோடைத் திறந்து இரண்டு பேரும் பார்த்தோம். விகிதம் தரும் ஃபங்ஷன் ஹெச்எஸ்என் எண்ணையும் விலையையும் மட்டும்தான் வாங்குகிறது. டேபிளில் தேதி என்கிற பத்தியே கிடையாது. ஆக எந்த பில்லுக்குக் கேட்டாலும் இன்றைய விகிதம். ஆகஸ்டில் ஜோடி 800 ரூபாய்க்கு விற்ற செருப்புக்கு 96 ரூபாய் வரி வாங்கியிருப்பார்கள். அது அக்டோபரில் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டில், அதாவது பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டில், மூல பில்லில் இருந்த அதே 12 சதவீதத்தில்தான் வரியைக் குறைக்க வேண்டும். எங்கள் மென்பொருள் 40 ரூபாய் குறைத்திருக்கும். ஜோடிக்கு 56 ரூபாய் உதைக்கும். 12 ஜோடிப் பெட்டிக்கு 672. பழைய பில்லை மறுபடி பிரின்ட் எடுத்தாலும் இதே கதை. அந்த ஸ்கிரீன் வரியைப் புதிதாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

“இதுல ரூல் ஒண்ணும் சொல்லலியே அண்ணா” என்றாள். சொல்லாது. எங்கே வரி எண்ணைப் பார்த்தாலும் திட்டு என்றுதான் அதற்குச் சொல்லி வைத்திருந்தோம். எண் இல்லை, அதனால் திட்டவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. 2021ல் எவரோ எழுதி, யார் கண்ணிலும் படாமல் ஒரு மூலையில் 5 இருந்திருந்தால், அது கிட்டத்தட்ட நாலு வருஷம் தப்பாக இருந்துவிட்டு 2025 செப்டம்பர் 22 காலையில் தானாகச் சரியாகியிருக்கும். பழைய அஞ்சும் புது அஞ்சும் பார்க்க ஒரே மாதிரி. எண்ணை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இதில் சரி தப்பு தெரியாது. தேதியைப் பார்த்தால்தான் தெரியும். மாவட்டப் பேர் விஷயத்தில், எழுதிய பேரே தப்பு, அதைப் பிடித்தால் தப்பைப் பிடித்ததாகும். வரி விஷயத்தில் எண் ஒரு அறிகுறி மட்டும். அறிகுறியைத் தடை செய்ததும் அது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்துகொண்டது, நோய் அப்படியே இருந்தது.

அவள் கேள்வியில் என்னை அசத்தியது வேறொன்று. எங்கள் யாருக்கும் தெரியாத டெக்னிகல் சமாச்சாரம் எதையும் அவள் சொல்லவில்லை. தீபாவளிக்கு அப்புறம் சரக்கு திரும்பும் என்பது அவள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. ரூல் எழுத வேண்டிய அறிவு அங்கேதான் இருந்தது, எங்கள் ஆவணத்தில் இல்லை.

தேதி எங்கிருந்து வருகிறது

டேபிளில் இன்ன தேதி முதல், இன்ன தேதி வரை என்று இரண்டு பத்திகள் சேர்த்தோம். விகிதம் தரும் ஃபங்ஷன் தேதியையும் கேட்கும்படி மாற்றினோம். இதற்குமேல் ரூல் எதற்கு? ஏன் என்றால், தேதி கேட்டால் அவசரத்தில் இருக்கிற எவனும் இன்றைய தேதியைத்தான் கொடுப்பான். அதை டைப் பண்ணுவதுதான் சுலபம். ஆக புது ரூலின் கேள்வி இது: கொடுத்த தேதி பில்லிலிருந்து வந்ததா, கடிகாரத்திலிருந்து வந்ததா?

நேராக அடைப்புக்குள்ளேயே நியூ டேட் (இந்த நிமிஷத்துத் தேதி) என்று எழுதியிருந்தால் பிடிப்பது சுலபம். முதல் வரியில் ஒரு வேரியபிளில் போட்டு, மூன்றாம் வரியில் அதைக் கொடுத்தால் கொஞ்சம் வேலை. அந்த வேரியபிள் எங்கே பிறந்தது என்று ஈஎஸ்லின்ட்டின் ஸ்கோப் தகவலிலிருந்து பின்னோக்கித் தேடிப் போகலாம். ஆனால் வேறொரு ஃபைலில் இருக்கும் ஃபங்ஷனிலிருந்து தேதி வந்தால்? ஈஎஸ்லின்ட் ரூல் ஒரு நேரத்தில் ஒரு ஃபைலைத்தான் பார்க்கும். அங்கே கை நின்றுவிடும். இன்னும் கெட்டிக்காரக் கருவிகள் ஃபைல் தாண்டிப் போகும் என்றாலும், ஒரு ப்ரோக்ராம் ஓடும்போது என்ன செய்யும் என்பதை எல்லா நேரத்திலும் தப்பில்லாமல் சொல்லும் கருவி இருக்கவே முடியாது என்று ரைஸ் என்கிற கணித அறிஞர் 1953லேயே நிரூபித்து வைத்திருக்கிறார். ஆக எங்கே நிறுத்துவது என்பது நாம்தான் எடுக்க வேண்டிய முடிவு.

நாங்கள் ரூலை மேலும் மேலும் கெட்டிக்காரத்தனமாக ஆக்காமல் வேலையை டைப்புக்கு, அதாவது எந்த வகை மதிப்பு எங்கே போகலாம் என்று கம்பைலர் கோடை ஓட்டும் முன்பே சோதிக்கிற ஏற்பாட்டுக்கு, தள்ளிவிட்டோம். பில் தேதிக்கென்று தனி டைப். ஒரு பில்லைக் கையில் வைத்திருந்தால்தான் அந்த டைப்பில் ஒரு தேதி கிடைக்கும். விகிதம் தரும் ஃபங்ஷன் தேதியாக அதை மட்டும்தான் ஏற்கும். இன்றைய தேதியைக் கொடுத்தால் கம்பைலரே கதவைச் சாத்திவிடும், அது எத்தனை ஃபைல் தாண்டி வந்தாலும். கடைசியில் ரூலுக்கு மிஞ்சியது ஒரே வேலை: “ஏஸ்” (இதை இந்த டைப்பாகவே எடுத்துக்கொள் என்கிற சொல்) போட்டு சாதாரணத் தேதியைப் பில் தேதியாக வேஷம் கட்டினால் பிடிப்பது. சில வரிகளில் அடங்கிவிட்டது. வரி எண்களைத் துரத்திய பழைய ரூலைத் தூக்கிவிட்டேன். முதல் கட்சி முகம் சுளித்தது. ஒரு ரூலை எடுத்தால் தரம் குறைகிறது என்று நினைக்கிறவர்களிடம் என்ன சொல்ல?

செய்தியை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. பழைய ரூல் சொன்னது: “வரி எண்ணை நேரடியாக எழுதக் கூடாது.” புதுப் பையன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு 18 என்பதை 9 கூட்டல் 9 என்று எழுதி ரூலிடமிருந்து தப்பித்திருந்தான். மத்திய அரசின் பங்கு சிஜிஎஸ்டி 9, மாநிலத்தின் பங்கு எஸ்ஜிஎஸ்டி 9, அதனால் அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. புது ரூல் சொல்வது: “இந்தத் தேதி எந்த பில்லுடையது? சரக்கு திரும்பி வந்தால் மூல பில்லின் தேதியைக் கொடுக்கவும். 2025 செப்டம்பர் 22க்கு முன் விற்ற செருப்புக்கு விகிதம் வேறு.” இதைத் தமிழிலேயே வைத்திருக்கிறோம். எடிட்டரில் அழகாகத் தெரிகிறது. டெர்மினலில் கொம்பும் காலும் தனித்தனியே விழுந்து கிடக்கும், ஆனாலும் படிக்கிறார்கள். செய்தியைப் படித்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் யாரும் ரூலை ஏமாற்ற வழி தேடுவதில்லை என்பதுதான் நான் பார்த்தது.

டிசேபிள் கமென்ட்டை நாங்கள் தடை செய்யவில்லை. இரண்டு ஹைஃபன் போட்டுப் பக்கத்தில் காரணம் எழுதினால் போதும். மாதக் கடைசியில் அந்தக் காரணங்களை மட்டும் தனியாக எடுத்துப் படிப்பேன். ஒரே ரூலுக்கு ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் திருத்த வேண்டியது ரூலைத்தான். ரிவ்யூ கட்சிக்காரர் ஒருவர் ஒருமுறை காரணமாக “இது ஆடிட்டர் கேட்டது, அவரிடம் பேசவும்” என்று எழுதியிருந்தார். போய்ப் பேசினேன். அவர் கேட்டது நியாயம்தான்.

இப்போது புதிதாக ஒரு கோரிக்கை வந்து நிற்கிறது. 2600 ரூபாய் ஷூவுக்கு பில்லிலேயே 5 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 2470 ஆகிவிடும். 18 சதவீதத்தில் இருந்த ஜோடி 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆக தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் விகிதத்தைக் கேட்க வேண்டும். இதையும் ரூலாக்கு, தள்ளுபடி ஃபங்ஷனுக்கு முன்னால் விகித ஃபங்ஷனைக் கூப்பிட்டால் புகார் கொடு என்கிறது முதல் கட்சி. நான் மறுத்துவிட்டேன். எந்த வரி முன்னால் எழுதப்பட்டிருக்கிறது என்பது மரத்தில் தெரியும். எந்த விலை உள்ளே போகிறது என்பது பில் போடும்போதுதான் தெரியும். அது கோடை மாதிரி பில்களோடு ஓட்டிப் பார்க்கிற டெஸ்ட்டின் வேலை. ஆம்பூர்ப் பெண்ணிடம் அதை ஒப்படைத்திருக்கிறேன். 2500, 2501 என்று நான் இரண்டு கேஸ் சொன்னேன். அவள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறாள்: ஒரே பெட்டியில் இரண்டு விலை ஜோடிகள், தள்ளுபடி மொத்தப் பெட்டிக்கும் சேர்த்து. அதை ஜோடிக்கு ஜோடி எப்படிப் பிரிப்பது என்று அவள் அப்பாவிடம் கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.